இருக்கட்டும்

ஐரோப்பாவுக்குப் போகலாம் என்று வீட்டில் முடிவானதும் நான் செய்த முதல் வேலை லேப்டாப்பில் ஓர் எக்செல் கோப்பைத் திறந்ததுதான். டிக்கெட் விலை பார்க்கவில்லை. அப்பா அம்மா இருவருக்கும் பாஸ்போர்ட்டே கிடையாது என்பதுகூட அடுத்த வாரம்தான் நினைவுக்கு வந்தது. கோப்பில் எட்டு ஊர்களின் பெயர்களை அடித்தேன்: பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ப்ரூஜ், கொலோன், ஆம்ஸ்டர்டாம், பிராக், வெனிஸ், ரோம். பன்னிரண்டு நாள், ஐந்து பேர்.

எட்டு ஊர்களை வரிசைப்படுத்த 40,320 வழிகள் இருக்கின்றன. கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்த எல்லாருக்கும் இது இரண்டாம் வருடக் கணக்கு. ஒரு விற்பனையாளர் எல்லா ஊருக்கும் ஒரு தடவை போய்வர வேண்டும், மொத்தத் தூரம் குறைவாக இருக்க வேண்டும், எந்த வரிசையில் போவது? ஊர்கள் கூடக்கூட வழிகள் தலைதெறிக்கப் பெருகும். எட்டுதான் என்பதால் என் லேப்டாப் கண்ணிமைக்கும் நேரத்தில் அத்தனையையும் போட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. பெருமையாக மனைவியிடம் காட்டினேன். அவள் துணி மடித்துக்கொண்டே பார்த்தாள்.

"40,321-ஆவது வழி ஒண்ணு இருக்கு. பேசாம வீட்லயே இருக்கறது."

"ஏன், என்ன தப்பு இதுல?"

"பன்னண்டு நாள்ல எட்டு தடவை பெட்டி கட்டணும். யாரு கட்றது?"

என் கணக்கில் பெட்டி இல்லை. ஊர்களுக்கு இடையே நகரும் அந்த விற்பனையாளர் சாப்பிடுவதில்லை, பாத்ரூம் போவதில்லை, அவருக்கு மூட்டுவலி இல்லை. ஐரோப்பாவின் பழைய நகரங்களோ மூட்டுவலிக்காரர்களை நினைத்துக் கட்டப்பட்டவை அல்ல. வெனிஸில் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவற்றில் ஏறி இறங்கப் படிகள். ஆம்ஸ்டர்டாமின் கால்வாய் ஓர வீடுகள் ஒடுக்கமானவை. மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்தாக இருப்பதால் மேசை நாற்காலியை ஏற்ற வீட்டு உச்சியில் கொக்கி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். வாடகை குறைவான அறைகள் பல அப்படிப்பட்ட வீடுகளில்தான் கிடைத்தன, லிஃப்ட் கிடையாது. கொக்கியில் கட்டி ஏற்ற அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஆகவே கோப்பில் 'படிகள்' என்று ஒரு பத்தி சேர்த்தேன். கொலோன் தேவாலயத்தின் தெற்குக் கோபுரத்தில் 533 படிகள். ப்ரூஜ் மணிக்கோபுரத்தில் 366. ஈஃபில் கோபுரத்தில் இரண்டாம் தளம்வரை 674, ஆனால் லிஃப்ட் உண்டு. அடுத்து 'பாத்ரூம்' என்று ஒரு பத்தி, ஏனென்றால் ஐரோப்பா என்று சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி அதுதான். பல இடங்களில் காசு கொடுக்க வேண்டும் என்றேன். "காசு போனா போகுது, இடம் இருக்குல்ல?" என்றார். இரண்டு பத்திகள் சேர்ந்ததும் வெனிஸும் ரோமும் விழுந்தன. பிராக் தூரத்தில் விழுந்தது.

'படிகள்' பத்திக்கு அம்மாவின் மூட்டு மட்டும் காரணமில்லை. இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்லிவிட்டு மேலே போவதுதான் சரி.

ஆறு வருடங்களுக்கு முன் அவர்களை டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் கூட்டிப் போனேன். ஐந்து நாள். அதற்கும் ஒரு கோப்பு இருந்தது, காலை ஆறு மணியிலிருந்து இரவு ஒன்பது வரை அரை மணிக்கு ஒரு வரி. மூன்றாம் நாள் ஃபதேபூர் சிக்ரி. நல்ல வெயில். புலந்த் தர்வாசா முன்னால் இறங்கியதும் அப்பா அண்ணாந்து அந்த வாசலையும் அதற்கு ஏறும் படிகளையும் பார்த்தார். பிறகு கீழேயே நிழல் பார்த்து ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க பாத்துட்டு வாங்கடா."

"மேலதாம்ப்பா எல்லாமே இருக்கு. வாங்க, மெதுவா ஏறலாம்."

"இருக்கட்டும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காலையிலிருந்தே நாங்கள் ஒன்றரை மணி நேரம் பின்தங்கியிருந்தோம். "இவ்ளோ செலவு பண்ணிக் கூட்டிட்டு வந்தது கீழ உக்கார்றதுக்கா?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் வழிகாட்டி நின்றிருந்தார், அம்மா நின்றிருந்தார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, எங்களோடு எல்லாப் படிகளும் ஏறினார். மேலே போய் ஒரு தூணில் சாய்ந்து நின்றபோது அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. ஜெய்ப்பூரில் நான் காட்டியதையெல்லாம் பார்த்தார். எல்லாவற்றுக்கும் "நல்லாருக்குப்பா" என்றார்.

அதற்குப் பிறகு அவர் எங்கேயும் உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை.

*

இந்த முறை எல்லாரையும் கேட்டுத்தான் திட்டம் போடுவது என்று இருந்தேன். ஆளுக்கு ஒரு கேள்வி: அங்கே கட்டாயம் பார்க்க வேண்டியது என்ன?

மகளுக்கு ஈஃபில் கோபுரம், அப்புறம் எலி சமையல் செய்யும் அந்த கார்ட்டூன் படத்து ஊர். இரண்டும் பாரிஸ்தான் என்பதில் எனக்கு நிம்மதி.

அம்மா கொஞ்சம் யோசித்தார். "டிவில காமிச்சாங்களே, ஒரு மாதா கோயிலு எரிஞ்சுதே, அதைக் கட்டி முடிச்சிட்டாங்களா?" 2019 ஏப்ரலில் நோத்ர் தாம் எரிந்ததை அவர் சன் நியூஸில் பார்த்திருக்கிறார். கூரையின் நடுவிலிருந்த கூர்கோபுரம் சாய்ந்து விழுந்ததைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். வேளாங்கண்ணிக்கு வருடம் ஒருமுறை போய் மெழுகுவர்த்தி ஏற்றாவிட்டால் அவருக்கு மனது ஆறாது. எங்கள் பக்கத்தில் அதற்கு மதம் மாற வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் மறுபடி திறந்துவிட்டார்கள், நோத்ர் தாம் என்றாலே 'எங்கள் அன்னை' என்றுதான் அர்த்தம் என்றேன். "அதான் சொன்னேனே, மாதா கோயிலுன்னு" என்றார்.

மனைவி சொன்னது பட்டியலில் எந்தப் பத்தியிலும் அடங்கவில்லை. "எனக்கு ஒரு அரை நாள் வேணும். யாரும் எங்கிட்ட எதுவும் கேக்கக் கூடாது. எந்த ஊரா இருந்தாலும் சரி."

அப்பாவிடம் போனில் கேட்டேன். "உங்க இஷ்டம்டா" என்றார்.

"இல்லப்பா, உங்களுக்குன்னு ஏதாவது?"

"எனக்கென்ன, இருக்கட்டும்."

'இருக்கட்டும்' என்பது அப்பாவின் சொல். புதுச் செருப்பு வாங்கலாமா என்றால் இருக்கட்டும். கண்ணாடி மாற்றலாமா என்றால் இருக்கட்டும். வேண்டாம் என்று அவர் சொல்வதே இல்லை. வேண்டாம் என்று சொல்வதில்கூட ஒரு விருப்பம் வெளியே தெரிந்துவிடும் அல்லவா?

அப்பா கம்பாசிட்டராக இருந்தவர். 1974-ல், பதினெட்டு வயதில், கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் சேர்ந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பஞ்சாங்கம், ரசீது புத்தகம். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக அறையிலிருந்து எடுத்து ஸ்டிக்கில் கோத்து வரியாக்குவது வேலை. எழுத்தைத் தலைகீழாகவே படிப்பார். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது தும்பிக்கை வைத்த பழைய லை, னை எழுத்துகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. காலியான அறைகளில் முதலாளி பொடிமட்டை வைத்துக்கொண்டதாகச் சொல்லிச் சிரிப்பார். தொண்ணூறுகளின் கடைசியில் ஆஃப்செட்டும் டிடிபியும் வந்து ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டார்கள். அப்பா புரூஃப் பார்ப்பவராக மாறினார். மாடிப்படிக்குக் கீழே ஒரு ஸ்டூல், நாற்பது வாட் பல்பு, சிவப்பு மசிப் பேனா. உடம்பு முடிந்தவரை அங்கேதான் இருந்தார்.

சில சமயம் வேலையை வீட்டுக்குக் கொண்டுவருவார். நான் மூலப் பிரதியை உரக்கப் படிக்க வேண்டும், அவர் அச்சான தாளில் விரல் வைத்துக்கொண்டே வருவார். பஞ்சாங்கம் என்றால் எனக்குத் தூக்கம் வரும். அவர் விட மாட்டார். "எதுல தப்பு வந்தாலும் தேதி கிழமைல மட்டும் வரக்கூடாது. அதை நம்பித்தான் ஒருத்தன் கல்யாணம் வெக்கிறான்" என்பார்.

*

இதையெல்லாம் நினைத்துத்தான் அப்பாவுக்காக இரண்டு ஊர்களை நானே தேடிச் சேர்த்தேன்.

ஒன்று ஜெர்மனியின் ஹாலே. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தமிழ் எழுத்துகளை ஈயத்தில் வார்த்துத் தரங்கம்பாடிக்கு அனுப்பினார்கள். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கும் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்ட தமிழ்ப் புத்தகங்களின் கதை அந்த எழுத்துகளோடு தொடங்குகிறது.

இன்னொன்று பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப். கிறிஸ்டோஃப் பிளான்டின் என்ற பிரெஞ்சுக்காரர் 1555-ல் அங்கே அச்சுத்தொழிலைத் தொடங்கினார். ஐந்து மொழிகளில் எட்டுப் பெரிய தொகுதிகளாக ஒரு பைபிளை 1568-லிருந்து 1572-க்குள் அச்சிட்டார். அவருக்குப் பின் மருமகன் மொரேடஸின் வம்சம் அதே வீட்டில், அதே இயந்திரங்களோடு தொழில் செய்தது. 1876-ல் வீட்டையும் அச்சகத்தையும் அப்படியே நகராட்சிக்கு விற்றார்கள், மறுவருடம் அருங்காட்சியகமாகத் திறந்தது. உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய இரண்டு அச்சு இயந்திரங்கள், 1600-ஐ ஒட்டியவை, அங்கேதான் நிற்கின்றன. 2005-ல் யுனெஸ்கோ அந்த வீட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

சேர்த்த கையோடு மதிப்பெண்ணும் போட்டேன். புகழுக்கு 30, தூரத்துக்கு 25, செலவுக்கு 25, படிகளுக்கு 20 என்று எடை. ஹாலேவுக்கு 28 வந்தது. ஆன்ட்வெர்ப்புக்கு 41. கொலோனுக்கோ 83. கொலோன் எனக்கு மிகவும் பிடித்துப்போயிருந்தது. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே தேவாலயம். பெட்டியை லாக்கரில் போட்டுவிட்டு இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்கலாம். 1248-ல் கட்டத் தொடங்கி 1880-ல் முடித்த கட்டடம். இடையில் சுமார் முன்னூறு வருடம் வேலை நின்று, பாதிக் கோபுரத்தின் மேல் பாரம் தூக்கும் மரச்சட்டம் மட்டும் தலைமுறை தலைமுறையாக நின்றிருக்கிறது. 632 வருடம் தள்ளிப்போன டெட்லைன்! எங்கள் ஆபீஸில் எல்லாருக்கும் சொன்னேன்.

ஆன்ட்வெர்ப் 41-ல் நின்றது. ஒரு பழைய அச்சகத்துக்காக அரை நாள் செலவழிப்பதைச் சூத்திரம் ஒத்துக்கொள்ளவில்லை. சூத்திரத்தை எழுதியவன் நான்தான் என்பது அப்போது உறைக்கவில்லை. மூன்றாம் பதிப்பு முடிவானது: பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ப்ரூஜ், கொலோன், ஆம்ஸ்டர்டாம். மே 9 காலை பாரிஸில் இறங்கி, 20-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமிலிருந்து திரும்புவது.

போனில் எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்று அப்பா சொல்வார். அதனால் திட்டத்தைத் தமிழில் அடித்து, பெரிய எழுத்தில் நான்கு பக்கம் பிரிண்ட் எடுத்து, பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது கொண்டுபோனேன். கடைசிப் பக்கத்தில் 'பரிசீலித்து விட்டவை' என்று ஒரு சிறு பட்டியல். அழிக்காமல் நடுவில் கோடு மட்டும் போட்டிருந்தேன். ஏன் அழிக்கவில்லை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கோடில் எதையும் முழுக்க அழிக்காமல் முடக்கி வைக்கும் பழக்கமாக இருக்கலாம்.

விசாவுக்கான கடிதமும் கையில் இருந்தது. ஷெங்கன் விசாவுக்கு எங்கெங்கே தங்குகிறோம் என்பது நாள்வாரியாக வேண்டும். எந்த நாட்டில் அதிக நாளோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். தலைக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். செலவை யார் ஏற்கிறார்கள் என்பதும் வேண்டும். அப்பாவுக்குப் பென்ஷன் கிடையாது, வங்கியில் காட்டும்படியான தொகையும் கிடையாது. ஆகவே 'என் பெற்றோரின் பயணச் செலவு அனைத்தையும் நானே ஏற்கிறேன்' என்று நான் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதியிருந்தேன்.

அப்பா கடிதத்தைத்தான் முதலில் வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். அந்த வரிக்கு வந்ததும் விரல் நின்றது. திரும்ப ஒரு தடவை அதே வரியில் விரல் நகர்ந்தது. பிறகு பேனாவை எடுத்தார்.

"இங்க ஒரு கமா விட்டுட்ட."

போட்டுக் கொடுத்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஃபதேபூர் சிக்ரி ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்ததா என்று தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

*

கன்றுப் பொங்கலன்று மத்தியானம் அந்த நான்கு பக்கங்கள் என்னிடம் திரும்பி வந்தன. முழுக்கச் சிவப்பு.

முதல் பக்கத்தில் ஓரிடத்தில் 'பிரசல்ஸ்', இன்னோரிடத்தில் 'பிரஸ்ஸல்ஸ்'. ஓரத்தில், 'ஒரே ஊருக்கு இரண்டு பெயரா?' ஒற்று மிகாத இடங்களில் ஒற்று. இடம் மாறிய இரண்டு சொற்களுக்குப் பாம்பு போல் வளைந்த ஒரு கோடு. இரண்டாம் பக்கத்தில் ஒரு வட்டம். 'மே 12, திங்கள் – லூவ்ர்' என்று நான் அடித்திருந்ததில் 'திங்கள்' வட்டத்துக்குள் இருந்தது. ஓரத்தில் 'செவ்வாய்' என்று எழுதி இரண்டு கோடு.

அவர் சொன்னதுதான் சரி. முதலில் ஒரு நாள் முன்னால் கிளம்புவதாக இருந்தோம். விமானக் கட்டணம் குறைவு என்று ஒரு நாள் தள்ளிப்போட்டபோது தேதிப் பத்தியை மாற்றினேன், கிழமைப் பத்தியை மாற்றவில்லை. கிழமையைச் சூத்திரத்தால் வரவைக்காமல் கையால் அடித்திருந்தேன். பதினைந்து வருடமாக மென்பொருள் எழுதுகிறவன் செய்யும் வேலையா இது! லூவ்ருக்குச் செவ்வாய்க்கிழமைதான் விடுமுறை. நுழைவுச்சீட்டு எடுக்கும்போது எப்படியும் பிடிபட்டிருக்கும் என்று மனைவியிடம் சமாளித்தேன். "மாமா பிடிச்சாரு, நீங்க பிடிக்கல. அவ்ளோதான்" என்றாள்.

கடைசிப் பக்கத்தில் திருத்தம் எதுவும் இல்லை. ஆனால் நான் கோடு போட்டு நிறுத்தியிருந்த ஆன்ட்வெர்ப் வரிக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள் இருந்தன. ஹாலேவுக்குக் கீழே இல்லை.

"இது என்னப்பா, புள்ளியா வெச்சிருக்கீங்க?"

அப்பா எட்டிப் பார்த்தார். "ஒண்ணுமில்லடா. பேனா பட்டிருக்கும்."

ராத்திரி ரயிலில் சென்னைக்குத் திரும்பும்போது அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எண்ணினேன். பதினாறு புள்ளிகள், ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி. தவறிப் பட்ட பேனா இப்படிப் படாது. போனில் புரூஃப் குறியீடுகளைத் தேடினேன். விழுப்புரம் தாண்டியபோது கிடைத்தது. அடித்துவிட்ட சொல்லுக்குக் கீழே புள்ளிகள் வைத்தால், அடித்தது தவறு, அது அங்கேயே நிற்க வேண்டும் என்று பொருள். ஓரத்தில் ஸ்டெட் என்றும் எழுதுவார்களாம். லத்தீன் சொல். 'இருக்கட்டும்' என்று அர்த்தம்.

எதிர் பெர்த்தில் மகளும் மனைவியும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்பிச் சொல்ல வேண்டும் போல இருந்தது, எழுப்பவில்லை. எழுபது வயதில் ஒருவர் தனக்கு ஒன்று வேண்டும் என்பதைத் தன் தொழிலின் பாஷையில், அதுவும் ஓரத்தில் எழுத வேண்டிய சொல்லை எழுதாமல், பாதி மட்டும் சொல்லியிருக்கிறார். கேட்டதும் அதையும் பின்வாங்கிக்கொண்டார்.

மறுநாள் அம்மாவிடம் பேசினேன்.

"ஆமா, நீ அந்தப் பேப்பரைக் குடுத்த அன்னிக்கு ராத்திரி, அந்தப் பேரை போன்ல போட்டுத் தரச் சொல்லிப் பாப்பாவைத்தான் கேட்டாரு. ஏதோ மெஷினு, மரத்துல பெருசு பெருசா. திரும்பத் திரும்ப அதையே பாத்துட்டு இருந்தாரு. தூங்குங்கன்னா தூங்கல."

"எங்கிட்ட சொல்லலாம்ல?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "கேட்டா செலவும்பன்னு நெனச்சிருப்பாருப்பா" என்றார்.

*

நான்காம் பதிப்பிலிருந்து ஏழாம் பதிப்புவரை செய்ததெல்லாம் நீக்கல் வேலைதான். மதிப்பெண் பத்தியை முதலில் எடுத்தேன். பிரஸ்ஸல்ஸ் போனது. ப்ரூஜின் மணிக்கோபுரம் போனது. கொலோன் போனபோது நிஜமாகவே வலித்தது, 632 வருடம் காத்திருந்த கட்டடம் என்னைப் பார்க்காமல் இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று விட்டேன். மிஞ்சியவை மூன்று ஊர்கள்: பாரிஸ், ஆன்ட்வெர்ப், ஆம்ஸ்டர்டாம். பாரிஸிலிருந்து ஆன்ட்வெர்ப் நேரடி ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம், அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம் ஒன்றேகால் மணி. பெட்டி கட்டுவது இரண்டே தடவை, அதையும் நான் கட்டுவதாக எழுத்தில் கொடுத்திருக்கிறேன். தங்குமிடம் மூன்றிலும் லிஃப்ட் உண்டு. பாரிஸில் ஐந்து இரவு என்பதால் விசா பிரான்ஸிடம். நோத்ர் தாமுக்குக் காலையில் போகிறோம், அம்மா மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். லூவ்ர் புதன்கிழமைக்குப் போய்விட்டது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு மத்தியானம் முழுக்க மனைவியின் பெயருக்கு நேரே காலியாக இருக்கிறது. அந்த நேரத்தில் மற்ற நால்வரும் கால்வாயில் படகில் இருப்போம்.

வெட்ட வெட்டத்தான் ஒன்று புரிந்தது. ஒரு பழைய நகரத்தைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் அந்த நகரத்தைப் பார்க்கப் போவதில்லை. அம்மா எரிந்துபோன ஒரு கோயில் நலமாக இருக்கிறதா என்று விசாரிக்கப் போகிறார். மனைவி தன்னை யாரும் கூப்பிடாத ஒரு தெருவில் நடக்கப் போகிறாள். இதற்கெல்லாம் புகழ் 30, தூரம் 25 என்று எடை போட முடியாது. நான் போட்டேன். என் அவசரத்தில் யாரும் என்னிடம் மறுத்துச் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன், ஆக்ராவிலும், பொங்கல்வரைக்கும்.

ஃபதேபூர் சிக்ரியில் சொன்னதைப் பற்றி அப்பாவிடம் இன்றுவரை பேசவில்லை. பயணத்தில் பேசுவேனா என்பதும் தெரியாது. திட்டத்தில் அதற்கு ஒரு வரி போட முடியவில்லை.

ஆன்ட்வெர்ப்பைத் திரும்பச் சேர்த்ததை அப்பாவிடம் நானாகச் சொல்லவும் இல்லை. ஏழாம் பதிப்பைப் பிரிண்ட் எடுத்துக் கூரியரில் அனுப்பினேன். கூடவே அந்த வீட்டைப் பற்றி நான் படித்ததை ஒரு பக்கம் தமிழில் எழுதி வைத்தேன். நடுமுற்றம் வைத்துச் சுற்றிலும் அறைகள் கட்டிய வீடு, நம் பக்கத்துப் பழைய வீடுகளைப் போல. எழுத்து வார்க்க ஓர் அறை, எழுத்துகள் அடுக்கி வைக்க ஓர் அறை. பிளான்டினின் மகள்கள் சிறுவயதிலேயே புரூஃப் வேலையில் உதவியிருக்கிறார்கள். அப்புறம், புரூஃப் பார்ப்பவர்களுக்கென்றே அந்த வீட்டில் தனி அறை இருக்கிறது. ஓக் மரத்தில் பெரிய மேசை, வெளிச்சத்துக்கு ஜன்னல். அந்த வரியை எழுதும்போது எனக்கு மாடிப்படிக்குக் கீழே இருந்த நாற்பது வாட் பல்புதான் கண்ணில் நின்றது. அதை எழுதவில்லை.

கூரியர் சேர்ந்த அன்று மாலை அப்பாவே போன் செய்தார். பொதுவாக அம்மா செய்து, பேசி முடித்து, 'இந்தா அப்பாட்ட பேசு' என்று கொடுப்பதுதான் வழக்கம்.

"ரெண்டு தப்பு இருக்கு" என்றார். "மூணாம் பக்கத்துல ஆம்ஸ்டர்டாம்ல ஒரு புள்ளி விட்டுப்போச்சு. நாலாம் பக்கத்துல ஹோட்டல் போன் நம்பர்ல ஒரு எண் குறையுது, சரி பாத்துக்க."

"சரிப்பா. தேதி கிழமை?"

"அது சரியா இருக்கு."

"ஹாலேவையும் சேக்கணுமாப்பா? கேக்கவே இல்ல நான்."

"அங்க எழுத்து செஞ்சு அனுப்புன கதைதானே. எழுத்துதான் தரங்கம்பாடிக்கே வந்துடுச்சே. இங்க மெஷின் நிக்குது." கொஞ்சம் நிறுத்தினார். தாளைத் திருப்பும் சத்தம் கேட்டது. "ஏண்டா, எல்லா நாளுக்கும் மணி போட்ருக்க. பதினஞ்சாந் தேதி வெள்ளிக்கிழமைக்கு மட்டும் ஒண்ணுமே போடல? அடிக்க விட்டுப்போச்சா?"

"விட்டுப்போகலப்பா. அன்னிக்கு மணி கிடையாது. உள்ள போறோம். அம்மா முத்தத்துல உக்காந்துக்குவாங்க. நீங்களும் எங்க வேணா உக்காந்து எவ்ளோ நேரம் வேணா பாருங்க."

மறுமுனையில் சத்தமே இல்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை. இருக்கட்டும் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"எப்ப மூடுவாங்க?" என்று கேட்டார்.